தெக்லாவின் பூட்டாத குல்லா

நோன்பு தொடங்கிவிட்டால் பாஸ்கா திருநாள் முடியும்வரை எங்கள் அக்மீம் ஊரில் எந்தச் சாமியாரும் மணமக்கள் தலையில் மணமுடி வைத்துக் கல்யாணம் நடத்தமாட்டார். அதனால் நோன்புக்கு முந்தின வாரம் ஊரே தலைதெறிக்க ஓடும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கல்யாண வீடு, வாசலில் எள் வறுக்கிற வாசனை, பந்தியில் யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்று ஒரு சண்டை. என் சாயத் தொட்டிகளுக்கும் அப்போதுதான் ஓய்வே இருக்காது. எல்லாருக்கும் சிவப்பு வேண்டும், எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். மஞ்சிட்டி வேர் என்ன, சொன்ன பேச்சைக் கேட்டு ஒரே ராத்திரியில் நிறம் விடுமா?

அந்த வருஷம் பக்கத்து வீட்டு இராயிஸுக்குக் கல்யாணம். அவள் அப்பா பிசெந்தி எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். மாப்பிள்ளை பாமின், படகுத்துறைப் பக்கம் ரொட்டி சுட்டு விற்கும் அனஸ்தாசியின் மகன். தங்கமான பையன். காது மட்டும் கொஞ்சம் பெரிது, அது குறையா என்ன. இராயிஸ் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்றில் மட்டும் கல்லைப்போல நின்றாள்.

"எங்கம்மா பண்ணின குல்லா என் தலையில ஏறினா நான் படி இறங்குவேன். இல்லன்னா இல்ல."

இல்லையென்றால் கல்யாணம் பாஸ்காவுக்கு அப்புறம் போகும். அனஸ்தாசி அவ்வளவு நாள் காத்திருக்கிறவள் இல்லை. அவளுக்கு முட்டிவலி, அடுப்படியில் நிற்க மருமகள் வேண்டும். மகனுக்கு வேறு இடத்தில் பெண் இருக்கிறது என்று ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இராயிஸுக்கு அந்தப் பையனை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ரொட்டி வாங்க வேண்டியதே இல்லாத நாட்களில்கூடப் படகுத்துறைக்குப் போய்வருவாள். அப்படிப்பட்டவள் இப்படிச் சொல்கிறாள் என்றால் அந்தக் குல்லாவில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள்.

எங்கள் ஊர் வழக்கம் இது. கல்யாணத்தன்று காலையில், கோயிலுக்குப் புறப்படுமுன், மாமியார் வந்து பெண்ணின் கூந்தலை அள்ளிக் குல்லாவுக்குள் இட்டு, பிடரியில் கயிற்றை இழுத்து முடிவாள். இழுக்குமுன் எல்லாப் பெண்களும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்பாள். முறுக்கினது யார், பூட்டினது யார்? மணப்பெண் அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பெற்றவள் பெயர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

முறுக்கு, பூட்டு என்கிறேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். குல்லாவுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடை கிடையாது. நெடுக ஓடுகிற பாவு மட்டும்தான். ஒரு மரச்சட்டத்தில் மேலும் கீழுமாகக் கம்பளி நூலை இழுத்துக் கட்டிவிட்டு, பக்கத்துப் பக்கத்து நூல்களை விரலாலேயே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போக வேண்டும். மேலே ஒரு வரிசை முறுக்கினால் கீழே அதே வரிசை தலைகீழாகத் தானே விழும். அவிழாமல் இருக்க மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி. இப்படி மேலிருந்தும் கீழிருந்தும் பின்னல் வளர்ந்துகொண்டே வந்து நடுவில் சந்திக்கும். அந்த நடுவில் ஒரு நூலை ஓட்டிப் பூட்டிவிட்டால் குல்லா குல்லாதான், எருதைக் கட்டி இழுத்தாலும் போகாது. பூட்டாமல் குச்சியை உருவினால் அத்தனையும் மறுபடி வெறும் நூல். பூட்டியதை நடுவில் மடித்து, இரண்டு ஓரத்தையும் தைத்து, வாயில் கயிறு கோத்தால் முடிந்தது. நடு வந்து உச்சியில் உட்காரும், ஒரு பாதி முன்னால், ஒரு பாதி பின்னால்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மேலே ஒரு தப்புச் செய்தால் கீழேயும் அதே தப்பு விழுந்திருக்கும். ஒரு நூலை விட்டீர்களானால் நெற்றிப் பக்கம் ஒரு கோணல், பிடரிப் பக்கம் ஒரு கோணல். வருகிறவர்களும் பார்க்கலாம், போகிறவர்களும் பார்க்கலாம்.

இராயிஸின் அம்மா தெக்லா இடக்கைக்காரி. ஊரில் எல்லார் முறுக்கும் ஒரு பக்கம் சாய்ந்தால் அவள் முறுக்கு மறுபக்கம் சாயும். சந்தையில் நூறு குல்லா குவித்துப் போட்டாலும் தெக்லாவுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எடுக்கலாம். மகளுக்கென்று அவள் ஒரு சட்டம் ஏற்றியபோது இராயிஸ் இன்னும் தெருவில் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்த பெண். நூலுக்கு நான்தான் சாயம் போட்டேன். மஞ்சிட்டிச் சிவப்பு, அவுரி மேல் மஞ்சள் ஏற்றின பச்சை, கொஞ்சம் சாயம் போடாத வெள்ளை. இன்னும் ரொம்ப நாள் இருக்கிறதே, இப்போதே எதற்கு என்று கேட்டேன். சும்மா இருக்கிற கை எண்ணெயைத்தான் தொடும் என்றாள். அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. நடுவுக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது தெக்லா சட்டத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

செத்தவள் பூட்டாமல் விட்டதை நாற்பதாம் நாள் பூசைக்கு முன் குச்சியை உருவி அவிழ்த்துவிட வேண்டும் என்பார்கள். ஆத்மா நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். பிசெந்தியின் அக்காள் கீரா அதற்காகவே வந்து உட்கார்ந்தாள். பிசெந்தி எல்லாவற்றிலும் அக்காள் பேச்சைக் கேட்கிறவர், இதில் மட்டும் கேட்கவில்லை. பெண் அந்தச் சட்டத்தின் அடியிலேயே பாயைப் போட்டுத் தூங்கினாள், அவரால் எப்படி உருவ முடியும்? மாடி அறையில், எண்ணெய்க் கை படாத சுவரில், ஆணி அடித்து மாட்டிவைத்தார். கீரா அன்றிலிருந்து அந்த மாடிப்படி ஏறவே இல்லை. கீழே நின்றே, "இன்னும் தொங்குதா அது?" என்று கேட்பாள்.

அப்புறம் துரோசி வந்தாள். பிசெந்தி ஆற்றோடு வடக்கே அன்சினா ஊருக்கு எண்ணெய் ஏற்றிப் போனபோது பேசி முடித்த இரண்டாந்தாரம். இராயிஸைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். அவளும் குல்லா போடுகிறவள்தான், விற்பனைக்கு. அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். வாய் மட்டும் திறக்காது. இராயிஸ் அவளிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். உப்பு வேண்டுமா என்றால் வேண்டும் என்பாள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்பாள். ஆனால் சித்தி என்றோ, பெயர் சொல்லியோ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பாள். ஒரே வீட்டில் இத்தனை காலம் ஒரு மனுஷியை இந்தாங்க, இந்தாங்க என்றே ஓட்டிவிட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருநாள் துரோசி என் தொட்டியடியில் பச்சை நூலை அலசிக்கொண்டே, "என்னைத் திட்டினாக்கூடத் தேவலை அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கல்யாணம் நிச்சயமானதும் இராயிஸ் சட்டத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். நடுவில் மிச்சமிருந்ததை அவளே முறுக்கிவிடுவாள், அதற்கு வழக்கம் தடை சொல்லாது. ஆனால் மணப்பெண் தன் குல்லாவைத் தானே பூட்டக் கூடாது. பூட்ட ஒரு கை வேண்டும். கீராவிடம் கேட்டாள். கீரா, செத்தவள் சட்டத்தைத் தொடமாட்டேன், புதிதாக ஒன்று ஏற்றினால் பூட்டித் தருகிறேன் என்றுவிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். என் நகக்கண்ணெல்லாம் சிவப்பும் நீலமுமாக இருக்கும், அதைக் காட்டினேன். சாயம்தானே பெரியம்மா, எப்படியும் நூலில் இருக்கிறதுதானே என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூட்டு நூலுக்கென்றே தனியாகக் கொஞ்சம் கம்பளியை இரண்டு தரம் மஞ்சிட்டியில் போட்டு வைத்தேன்.

துரோசியிடம் அவள் கேட்கவே இல்லை. துரோசி பக்கத்திலேயே பருப்புப் புடைத்துக்கொண்டு இருந்தாள்.

முறுக்கத் தொடங்குமுன் ஒரு வேலை இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தெக்லாவின் உறவுக்காரர்கள் இருந்தார்கள், அழைக்க வேண்டும். மடத்து விளக்குக்கு எண்ணெயும் கொடுக்க வேண்டும். அப்பாவும் பெண்ணும் படகேறினார்கள். ஒரு ராத்திரி தங்கி மறுநாள் வருவதாகப் பேச்சு.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் துரோசி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள். முகம் வெளுத்திருந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஈரக் கையோடு ஓடினேன்.

மாடியில் சட்டம் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தியிருந்தது. இரண்டு விரற்கடை இருந்த நடு இப்போது ஒரு சாணுக்குமேல் வெறும் நூலாக நின்றது. குச்சிகள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தள்ளிப் போயிருந்தன.

நடந்தது இதுதான். கல்யாண வீட்டுக்குத் தூசி தட்டும்போது துரோசி சட்டத்தையும் தட்ட எடுத்தாள். அப்போது தெக்லாவின் பின்னலில் ஒரு கோணல் இருப்பதைப் பார்த்தாள். சிவப்புக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு நூலை விட்டு அடுத்ததைப் பிடித்து முறுக்கியிருந்தது. அதனால் ஒரு ஓட்டை பெரிதாகி, அதற்கப்புறம் போட்ட வரிசையெல்லாம் ஒரு நூல் தள்ளிப் போயிருந்தது. மேலேயும் அப்படி, கீழேயும் அப்படி. காய்ச்சல் கண்ணை மறைத்த நாளாக இருக்க வேண்டும். அன்சினாவில் மணப்பெண் குல்லாவில் கோணல் இருந்தால் மாமியார் அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் கட்டுவாளாம், பெண்ணின் தாய்க்கு அதைப்போல அவமானம் கிடையாதாம். செத்துப்போனவளை அனஸ்தாசி நாலு பேர் நடுவில் அப்படிச் செய்துவிடக் கூடாதே என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. குல்லா போடுகிற எந்தப் பெண்ணும் செய்கிற காரியத்தைத்தான் செய்தாள். கோணல் வரைக்கும் அவிழ்த்துவிட்டு, சரியாகத் திருப்பி முறுக்கிவைத்துவிடலாம், இராயிஸுக்குத் தெரியவே தெரியாது என்று குச்சியை நகர்த்தினாள்.

அவிழ்க்கும்வரை கை போன வேகம், திரும்ப முறுக்க உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. இவள் வலக்கைக்காரி. இவள் முறுக்கினால் சாய்வு மாறுகிறது. இடக்கையால் முயன்றால் ஒரு நூல் இறுகுகிறது, ஒரு நூல் தொங்குகிறது. ஒரு வரிசை போட்டு, பிரித்து, இன்னொரு தரம் போட்டு, பிரித்து, கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

நான் நூலுக்கு நிறம் போடுகிறவள், எனக்கு என்ன தெரியும்? பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. படகு சீக்கிரம் வந்துவிட்டது.

இராயிஸ் மாடிக்கு வந்தாள். கையில் அக்கரைச் சொந்தம் கொடுத்த பேரீச்சம்பழக் கூடை. அதைக் கீழே வைக்காமலேயே சட்டத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். கத்தவில்லை.

"அந்த ஓட்டை எங்க?" என்றாள்.

துரோசி, "கோணலா இருந்துச்சு… சரி பண்ணலாம்னு…" என்று இழுத்தாள்.

"தெரியும் கோணல்னு. ராத்திரி படுத்துக்கிட்டே அதுல விரல விட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன். அதுவும் அவங்க கை பண்ணினதுதான்."

அதற்கப்புறம் கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது. துரோசி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிசெந்தி படியில் பாதி ஏறி நின்று, மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். ஏதாவது சொல்லுங்கள் என்று நானே ஜாடை காட்டினேன். துடைத்த கையைத்தான் மறுபடி துடைத்தார்.

விஷயம் கீராவுக்கு எப்படித்தான் போனதோ, நாங்கள் கீழே இறங்குவதற்குள் முற்றத்தில் நின்றாள். மாடிப்படிக்குக் கீழேயே நின்று பேசினாள். நல்லதுதான் நடந்திருக்கிறது, தெக்லாவே அவிழ்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், மீதியையும் உருவிவிட்டுக் கடைவீதியில் சிவப்பாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். அதோடு விட்டாளா? தம்பி பக்கம் திரும்பினாள்.

"வெளியூர்க்காரி கையில பொண்ணோட சட்டத்தக் குடுத்துட்டுப் போனியே, உன்னச் சொல்லணும். அவளுக்கு என்ன, பெத்தவளா? நாளைக்கு அந்த ரொட்டிக்காரி யார் முறுக்கினதுன்னு கேட்டா, கடைக்காரன் பேரச் சொல்லு."

"கடைக்காரன் பேர் சொல்லிக் கட்டிக்கிற கல்யாணம் எனக்கு வேணாம் கீரா அத்தை. பாமின் வீட்டுக்கு ஆள் அனுப்பிடுங்கப்பா" என்றாள் இராயிஸ்.

பிசெந்தி உட்காரக்கூட இடம் தேடாமல் செக்கு மேலேயே சாய்ந்துகொண்டார். ஆள் அனுப்பினால் அனஸ்தாசி சாயங்காலத்துக்குள் அந்த வேறு பெண் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். இராயிஸுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக் காலைவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பொறுத்து என்ன செய்யப்போகிறோம் என்று எனக்கே தெரியாது.

காலையில் போனபோது இராயிஸ் மாடியில் சட்டத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரோசி ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துணிச் சுருளும் கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தான் எப்படியாவது இடக்கையைப் பழக்கித் திரும்பப் போட்டுத் தருவதாகவும், கல்யாணம் முடிந்த கையோடு அன்சினாவுக்குப் போய்விடுவதாகவும், அதற்கு முன்னால் நூலை மட்டும் நனைத்து நீவிக்கொள்வதாகவும் சொன்னாள். அவிழ்த்த நூல் கோணல்மாணலாக நிற்கும், நனைத்தால்தான் நேராகும், அப்புறம்தான் புதிதாக முறுக்க வரும். இதுவும் எல்லாரும் செய்கிறதுதான்.

துணியை நனைத்துப் பிழிந்தாள். கையைச் சட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"தண்ணி வைக்காதீங்க" என்றாள் இராயிஸ்.

துரோசியின் கை அப்படியே நின்றது. ஒரு சொட்டு கீழே விழுந்தது, நல்லவேளை, தரையில்.

இராயிஸ் முகத்தை நூலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் முறுக்கிலேயே நின்ற கம்பளி அல்லவா, ஒவ்வொரு நூலும் அலை அலையாக வளைந்திருந்தது. எந்த இடத்தில் பக்கத்து நூலைக் கட்டிக்கொண்டு நின்றதோ அந்த இடத்தில் ஒரு வளைவு. முன்னால் போன இடத்தில் முன்பக்கம், பின்னால் போன இடத்தில் பின்பக்கம். தொட்டியில் போடுமுன் நான் நூல் சிப்பத்துக்குப் போடுகிற கட்டுகூட, அவிழ்த்த பிறகும் நனைக்கும்வரை அப்படியே நூலில் தெரியும். எனக்கு முந்தின நாளே அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

இராயிஸ் ஒரு நூலைச் சுண்டுவிரலால் தூக்கிப் பக்கத்து நூலின்மேல் விட்டாள். அது தன் பள்ளத்தில் தானே போய் உட்கார்ந்தது. இன்னொன்று. அதுவும் உட்கார்ந்தது. தப்பான நூலின்மேல் விட்டுப் பார்த்தாள், அங்கே உட்காராமல் எழும்பி நின்றது.

"போகுது பெரியம்மா" என்றாள். "அதுவா போகுது."

இடக்கையும் வேண்டியிருக்கவில்லை, வலக்கையும் வேண்டியிருக்கவில்லை. முறுக்கப் போனால்தானே கை சாயும்? இவள் முறுக்கவில்லை, ஒவ்வொரு நூலையும் அது இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டாள். விட்டு, குச்சியைச் செருகி, மேலே தள்ளினாள். ஒரு வரிசை. ஆனால் ஒரு ஆளால் நடக்கிற காரியம் இல்லை அது. மேலே கண்ணை வைத்திருந்தால் கீழே விழுகிற வரிசை சரியாகத்தான் விழுகிறதா என்று தெரியாது. அங்கேயும் வளைவுகள் காத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றோடும் பொருந்த வேண்டும்.

துரோசி கிண்ணத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். கையை இடுப்புத் துணியில் நன்றாகத் துடைத்தாள். சட்டத்தின் கீழ்ப்பக்கம் தரையோடு படுத்துக்கொண்டாள். நூலைத் தொடவில்லை, பார்த்துச் சொன்னாள்.

"கீழ ரெண்டாவது பச்சை நிக்கல."

இராயிஸ் மேலே அந்தப் பச்சையைத் திருத்தினாள்.

"இப்ப உக்காந்துடுச்சு. போ."

அப்படியே போனார்கள். நான் நடுவில் போய்த் தொட்டியைக் கிளறிவிட்டு வந்தேன், அவித்த பருப்பும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தேன், ஆறிப்போயிற்று. கோணல் வரவேண்டிய இடம் வந்தபோது இராயிஸ் கொஞ்சம் தயங்கினாள். அங்கே எல்லா நூலும் வரிசையாகப் பள்ளத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருக்க, ஒரு சிவப்பு மட்டும் உட்காரமாட்டேன் என்று நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வளைவு மற்றவற்றைவிட நீளம். பக்கத்து நூலைத் தாண்டி அடுத்ததைத் தேடுகிற வளைவு. இராயிஸ் அதைத் தாண்டவிட்டு அடுத்ததின்மேல் வைத்தாள். ஓட்டை திறந்தது.

"கீழ?" என்று கேட்டாள்.

"திறந்துடுச்சு" என்றாள் துரோசி தரையிலிருந்து. "உங்கம்மாவுக்கு அன்னைக்கு ரொம்ப முடியாம இருந்திருக்கும்போல. அப்படியும் அதுக்கப்புறம் இத்தன வரிசை போட்டிருக்காங்க."

இராயிஸ் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, சொட்டு நூலில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

வெயில் இறங்குமுன் தெக்லா விட்ட இடத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் நூலில் வளைவு இல்லை, நேராக நின்றது. அங்கிருந்து இராயிஸ் தன் வலக்கையால் முறுக்கினாள். சாய்வு மாறியது. தடவினால் தெரியும், இதுவரை ஒருத்தி, இதற்கப்புறம் ஒருத்தி என்று. அதை அவள் மறைக்கப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் குளித்து, நகத்தையெல்லாம் எலுமிச்சை போட்டுத் தேய்த்துக்கொண்டு, இரண்டு தரம் சாயம் போட்ட பூட்டு நூலோடு போனேன். நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம்தான் மிச்சம் இருந்தது. சட்டத்துக்கு முன்னால் உட்காரப் போனேன். இராயிஸ் என் கையிலிருந்த நூலை வாங்கினாள். வாங்கி, கதவோரத்தில் நின்றவளிடம் நீட்டினாள்.

"நீங்க பூட்டுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பெரியம்மா கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

கோபம்தான் வந்தது, பொய் எதற்கு? எலுமிச்சை போட்டுத் தேய்த்த நகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் துரோசி அந்த நூலை வாங்கின விதத்தைப் பார்த்த பிறகு எங்கே கோபப்படுவது? இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் வழக்கமான வேகத்தில் பூட்டியிருந்தால் நான் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் முடிந்திருக்கும். ஒவ்வொரு கண்ணியாக எடுத்து, இழுத்து, இறுகியதா என்று பார்த்து, அடுத்ததை எடுத்தாள். கடைசிக் கண்ணி முடிந்ததும் இராயிஸ் குச்சிகளை உருவினாள். எதுவும் அசையவில்லை. குல்லா நின்றது.

கல்யாணக் காலையில் பிசெந்தி வீட்டு முற்றம் கொள்ளாத கூட்டம். அக்கரைச் சொந்தங்கள், படகுத்துறைப் பெண்கள், எல்லார் தலையிலும் நான் போட்ட சிவப்பு. கீராவும் வந்திருந்தாள். குல்லாவைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு, எண்ணெய் வாடை தாங்கவில்லை என்று முனகிக்கொண்டு நின்றாள். அனஸ்தாசி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். கூந்தலை அள்ளிக் குல்லாவுக்குள் இட்டாள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"முறுக்கினது யாரு?"

"எங்கம்மா தெக்லா. மிச்சம் நான்."

"பூட்டினது யாரு?"

"எங்க துரோசி."

கூட்டத்தில் யாரோ யாரையோ கிள்ளினார்கள். துரோசி அடுப்படி வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தட்டிலிருந்த எள்ளுருண்டை ஒன்று உருண்டு விழுந்தது. அவள் எடுக்கவில்லை. கீரா, அவள் வாயிலிருந்து வருமென்று நான் நினைக்கவே இல்லை, "அந்தப் பொண்ண முன்னாடி வந்து நிக்கச் சொல்லுங்க, பூட்டினவ அடுப்படியிலயா நிப்பா" என்றாள்.

துரோசி முன்னால் வந்தாள். அனஸ்தாசி கயிற்றை இழுத்து முடிந்தாள். பிறகு, மாமியார்கள் எல்லாரும் செய்கிறதுபோல, குல்லாவின் நெற்றிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பத் தடவினாள். துரோசி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"இங்க ஒரு கோணல் இருக்கே" என்றாள் அனஸ்தாசி.

இராயிஸ் தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து காட்டினாள்.

"பின்னாடியும் ஒண்ணு இருக்கு அத்தை. பாத்துக்கோங்க."